வெளி நினைவகச் சில்லிலிருந்து நுண்கட்டுப்படுத்தி நிரலைப் படிக்கும் முறை

நுண்கட்டுப்படுத்தி (மைக்ரோகண்ட்ரோலர்) என்பது செயலி, நினைவகம், உள்ளீட்டு வெளியீட்டு முனைகள் ஆகியவற்றை ஒரே சில்லில் கொண்ட சிறு கணினி ஆகும். பெரும்பாலான நுண்கட்டுப்படுத்திகளில் நிரலும் அதே சில்லுக்குள் இருக்கும் பிளாஷ் நினைவகத்தில் பதிந்திருக்கும். ஆனால் சில வகைகளில் நிரலுக்கென உள்நினைவகம் இருப்பதில்லை, இருந்தாலும் போதுவதில்லை. அத்தகைய சில்லுகள், சுற்றுப்பலகையில் தனியாகப் பொருத்தப்பட்ட மற்றொரு நினைவகச் சில்லிலிருந்து நிரலைப் படிக்கின்றன.

இதற்கு மூன்று முறைகள் வழக்கில் உள்ளன. முதலாவது, ஒவ்வொரு கட்டளையையும் வெளிச்சில்லிலிருந்து நேரடியாக எடுத்து அப்போதே இயக்குவது. பழைய 8031 இப்படி இயங்கியது. இரண்டாவது, மின்சாரம் வந்தவுடன் முழு நிரலையும் உள்ளிருக்கும் ரேமுக்கு நகலெடுத்துவிட்டு, பிறகு ரேமிலிருந்து இயக்குவது. இந்தியாவில் வடிவமைக்கப்பட்ட தேஜஸ்32 இவ்வாறு செய்கிறது. மூன்றாவது, நிரலை வெளிச்சில்லிலேயே விட்டுவிட்டு, தேவைப்படும் பகுதியை மட்டும் இடைமாற்று நினைவகம் (கேஷ்) வழியாகக் கொண்டுவந்து இயக்குவது; ஈஎஸ்பி32, ராஸ்பெர்ரி பை பைக்கோ ஆகியவை இவ்வகை. பலகையின் வேகமும் மிஞ்சும் முனைகளின் எண்ணிக்கையும் நிரலின் பாதுகாப்பும் இந்த மூன்றில் எது தேர்ந்தெடுக்கப்படுகிறது என்பதைப் பொறுத்தே அமைகின்றன.

நிரல் நினைவகமும் தரவு நினைவகமும்

நுண்கட்டுப்படுத்திக்கு அருகில் தனி நினைவகச் சில்லு இருந்தால் அதில் நிரல்தான் இருக்கும் என்று கொள்ளக்கூடாது. புளியங்குடி எலுமிச்சைச் சந்தை முதல் நகரத்து மளிகைக் கடை வரை பயன்படும் மின்னணுத் தராசு போன்ற கருவிகளில், 24 வரிசையைச் சேர்ந்த எட்டுக்கால் ஈஈபிராம் சில்லு ஒன்று பலகையில் இருப்பதுண்டு. அதில் பொதுவாக இருப்பது அளவீட்டுத் திருத்த எண்கள் போன்ற தரவு மட்டுமே. நிரல் நுண்கட்டுப்படுத்திக்குள் இருக்கும். தொலைக்காட்சி, வைஃபை ரவுட்டர் ஆகியவற்றின் பலகையில் காணப்படும் 25 வரிசை எட்டுக்கால் பிளாஷ் சில்லு அப்படியல்ல. பெரும்பாலும் அதில் நிரலே இருக்கும். இக்கட்டுரை இந்த இரண்டாம் வகையைப் பற்றியது.

அடிப்படைச் செயல்பாடு

செயலிக்குள் 'நிரல் எண்ணி' என்ற பதிவகம் உள்ளது. அடுத்து எடுக்கவேண்டிய கட்டளை எந்த முகவரியில் இருக்கிறது என்பதை அது வைத்திருக்கும். செயலி அந்த முகவரியை நினைவகத்துக்கு அனுப்புகிறது. நினைவகம் அங்குள்ள பைட்டைத் திருப்பித் தருகிறது. செயலி அதன் பொருளை அறிந்து செயல்படுத்துகிறது. நிரல் எண்ணி அடுத்த முகவரிக்கு நகர்கிறது. உள்நினைவகமானாலும் வெளிநினைவகமானாலும் இந்தச் சுழற்சி மாறுவதில்லை. முகவரி எந்தக் கம்பி வழியே போகிறது, பைட் எவ்வளவு நேரத்தில் திரும்புகிறது என்பவையே மாறுகின்றன.

முதல் முறை: நேரடியாகப் படித்தல்

இன்டெல் நிறுவனம் 1980இல் வெளியிட்ட 8051 குடும்பம் இம்முறையைக் கற்க ஏற்றது. தமிழ்நாட்டுப் பொறியியல், பாலிடெக்னிக் கல்லூரிகளில் இக்குடும்பம் நீண்ட காலமாகப் பாடமாக உள்ளது. 8051இல் 4 கிலோபைட் உள்நிரல் நினைவகமும் 128 பைட் ரேமும் உண்டு. அதன் உடன்பிறப்பான 8031இல் நிரல் நினைவகமே கிடையாது. ஆகவே 8031 வெளிச்சில்லு இன்றி இயங்காது.

8051 வெளியே 64 கிலோபைட் வரை நிரலைப் படிக்கவல்லது. 64 கிலோபைட்டைச் சுட்ட 16 முகவரிக் கம்பிகள் வேண்டும். பைட்டைப் பெற 8 தரவுக் கம்பிகள் வேண்டும். ஆக 24 கம்பிகள். ஆனால் சில்லில் மொத்தமே 40 கால்கள்தான். இதனால் போர்ட் 0இன் எட்டுக் கால்களும் இருவேலை செய்கின்றன. முதலில் அவை முகவரியின் கீழ்ப்பாதியைத் தருகின்றன. பிறகு அதே கால்கள் வழியாகத் தரவு உள்ளே வருகிறது. முகவரியின் மேற்பாதியைப் போர்ட் 2 தருகிறது.

ஒரு பைட்டைப் படிக்கும்போது நிகழ்வது பின்வருமாறு:

1. போர்ட் 2இல் முகவரியின் மேல் 8 பிட்டுகளும், போர்ட் 0இல் கீழ் 8 பிட்டுகளும் வெளிவருகின்றன.
2. ஏஎல்இ என்னும் கால் உயர்ந்து தாழ்கிறது. அது தாழும் நொடியில், போர்ட் 0இல் இணைக்கப்பட்ட 74373 என்ற லாட்ச் சில்லு கீழ்முகவரியைப் பிடித்து வைத்துக்கொள்கிறது.
3. போர்ட் 0 முகவரியை விட்டுவிட்டு, தரவைப் பெறத் தயாராகிறது.
4. பிஎஸ்இஎன் என்னும் கால் தாழ்கிறது. இது நினைவகச் சில்லின் வெளியீட்டு அனுமதிக் காலுடன் இணைக்கப்பட்டிருக்கும். உடனே நினைவகம் கேட்கப்பட்ட பைட்டைப் போர்ட் 0இல் வைக்கிறது.
5. பிஎஸ்இஎன் மீண்டும் உயரும்போது செயலி அந்தப் பைட்டை எடுத்துக்கொள்கிறது.

எடுத்துக்காட்டாக, திரட்டியில் (அக்குமுலேட்டர்) 5 என்ற எண்ணை இடும் கட்டளை, பதினாறடிமான முறையில் 74, 05 என்ற இரண்டு பைட்டுகள் கொண்டது. ரீசெட்டுக்குப் பிறகு நிரல் எண்ணி 0இல் தொடங்கும். 8031 முகவரி 0ஐக் கேட்டு 74ஐப் பெறுகிறது; முகவரி 1ஐக் கேட்டு 05ஐப் பெறுகிறது. மேற்கண்ட ஐந்து படிகளும் இருமுறை நடந்தால்தான் இந்த ஒரு கட்டளை நிறைவேறும்.

நேரக் கணக்கு

வெளிச்சில்லு கேட்ட நேரத்துக்குள் பைட்டைத் தராவிட்டால் செயலி காத்திருக்காது. 8051இல் காத்திருக்கச் சொல்லும் கால் கிடையாது. எனவே நேரக் கணக்கு இங்கு முக்கியமானது.

12 மெகாஹெர்ட்ஸ் படிகம் பொருத்தினால் ஒரு துடிப்பு ஏறத்தாழ 83 நானோநொடி. ஓர் இயந்திரச் சுழற்சிக்கு 12 துடிப்புகள், அதாவது 1 மைக்ரோநொடி. அதற்குள் இருமுறை நிரல் நினைவகம் படிக்கப்படுகிறது. முகவரி வெளிவந்ததிலிருந்து பைட் வந்து சேரவேண்டிய கால அளவு ஏறத்தாழ 300 நானோநொடி. லாட்ச் எடுத்துக்கொள்ளும் தாமதத்தையும் கழித்தால், 200 அல்லது 250 நானோநொடியில் பதிலளிக்கும் ஈபிராம் போதுமானது. படிகத்தை 24 மெகாஹெர்ட்ஸாக மாற்றினால் இந்தக் கால அளவு பாதியைவிடவும் குறையும். பழைய ஈபிராம் அப்போது பின்தங்கிவிடும். அரைகுறையாகப் படிக்கப்பட்ட பைட் வேறொரு கட்டளையாகப் புரிந்துகொள்ளப்படும். நிரல் எங்கோ தாவிச் செல்லும்.

ஈஏ காலின் பங்கு

உள்ளே படிப்பதா, வெளியே படிப்பதா என்பதை ஈஏ என்னும் கால் முடிவு செய்கிறது. அதைத் தரையுடன் இணைத்தால் முகவரி 0 முதல் எல்லாமே வெளிச்சில்லிலிருந்து படிக்கப்படும். 5 வோல்ட்டுடன் இணைத்தால் முதல் 4,096 பைட்டுகள் உள்ளிருந்தும், அதற்கு மேற்பட்டவை தானாகவே வெளியிலிருந்தும் படிக்கப்படும். 8031இல் இக்கால் தரையுடன் இணைக்கப்பட்டே ஆகவேண்டும். இணைக்காமல் தொங்கவிட்டால் பலகை சில நேரம் இயங்கும், சில நேரம் இயங்காது. ஆய்வகத்தில் காரணம் புரியாமல் நாள் கழியச் செய்யும் பிழைகளில் இதுவும் ஒன்று.

கம்பிகள் சரியாக இணைந்துள்ளனவா என்று அறிய எளிய சோதனை உண்டு. எதுவும் எழுதப்படாத ஈபிராமின் ஒவ்வொரு பைட்டிலும் எட்டு பிட்டுகளும் 1 ஆக இருக்கும். இந்த மதிப்பு 8051க்கு, திரட்டியின் எண்ணை ஆர்7 பதிவகத்துக்கு மாற்றும் ஒரு பைட் கட்டளை. எனவே வெற்றுச் சில்லைப் பொருத்தினால் நிரல் எண்ணி தடையின்றி 0 முதல் 65,535 வரை சென்று மீண்டும் 0க்கு வரும். 12 மெகாஹெர்ட்ஸில் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 65 மில்லிநொடி ஆகும். அலைகாட்டியில் பார்த்தால் ஒவ்வொரு முகவரிக் கம்பியும் தனக்குக் கீழுள்ளதைவிடப் பாதி வேகத்தில் துடிக்க வேண்டும். எந்தக் கம்பி இந்த ஒழுங்கில் இல்லையோ அங்கு இணைப்பு தவறு.

இம்முறையின் விலை முனைகளில் தெரிகிறது. 8051இன் 32 உள்ளீட்டு வெளியீட்டு முனைகளில் 16 நினைவகத்துக்கே போய்விடுகின்றன. உள்ளே பிளாஷ் நினைவகம் கொண்ட 8051 வகைகள் மலிவாகக் கிடைக்கத் தொடங்கியதும் இந்த அமைப்பு புதிய கருவிகளிலிருந்து பெரும்பாலும் விலகியது.

இணைநிலையிலிருந்து தொடர்நிலைக்கு

பிற்காலத்தில் வெளிச்சில்லு வேறு வடிவில் திரும்பி வந்தது. 24 கம்பிகளுக்குப் பதிலாக நான்கே கம்பிகளில் பேசும் எஸ்பிஐ பிளாஷ் சில்லுதான் அது. எட்டுக் கால்களில் இரண்டு மின்வழங்கலுக்கு. ஒன்று சில்லைத் தேர்ந்தெடுக்க. ஒன்று கடிகாரத் துடிப்புக்கு. ஒன்று உள்ளே செல்லும் பிட்டுகளுக்கு. ஒன்று வெளிவரும் பிட்டுகளுக்கு. மற்ற இரண்டும் எழுதுதடை, நிறுத்திவைப்பு ஆகியவற்றுக்கு.

இங்கு முகவரி ஒரே கணத்தில் போவதில்லை. பிட்டு பிட்டாகச் செல்கிறது. செயலி முதலில் 'படி' என்னும் 8 பிட் ஆணையை அனுப்புகிறது. இதன் மதிப்பு 03. அடுத்து 24 பிட் முகவரி. 24 பிட்டுகளால் 16 மெகாபைட் வரை சுட்டலாம். அதன்பின் ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு பிட்டாகத் தரவு வெளிவருகிறது. துடிப்பு நிற்கும்வரை அடுத்தடுத்த முகவரிகளின் பைட்டுகள் தாமாகவே வந்துகொண்டிருக்கும்.

32 பிட் செயலிக்குத் தேவையான 4 பைட் கட்டளை ஒன்றைப் படிக்க 8 + 24 + 32 = 64 துடிப்புகள் ஆகும். துடிப்பு 50 மெகாஹெர்ட்ஸ் என்றால் 1.28 மைக்ரோநொடி. 100 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் செயலி அந்த நேரத்தில் 128 துடிப்புகளைக் கடந்துவிடும். ஒவ்வொரு கட்டளைக்கும் இப்படிக் காத்திருந்தால் செயலியின் வேகத்தால் பயனில்லை. இந்த இடைவெளியை நிரப்பவே மற்ற இரு முறைகளும் உருவாயின.

இரண்டாம் முறை: ரேமுக்கு நகலெடுத்தல்

திருவனந்தபுரத்தில் உள்ள சி-டாக் நிறுவனம் வேகா என்னும் செயலி வரிசையை ரிஸ்க்-வி கட்டளைத் தொகுப்பின் அடிப்படையில் உருவாக்கியது. அதில் ஒன்றைக் கொண்ட தேஜஸ்32 என்ற சில்லு 32 பிட் அளவிலானது. 100 மெகாஹெர்ட்ஸில் இயங்குகிறது. உள்ளே 256 கிலோபைட் எஸ்ரேம் உள்ளது. பயனர் நிரலுக்கான பிளாஷ் உள்ளே இல்லை. மாணவர்களுக்கான ஏரீஸ் பலகையில் இதன் அருகே 2 மெகாபைட் பிளாஷ் சில்லு தனியாக வைக்கப்பட்டுள்ளது.

சில்லுக்குள் மாற்ற முடியாத சிறு தொடக்க நிரல் (பூட் நிரல்) ஒன்று இருக்கிறது. மின்சாரம் வந்ததும் அது பலகையிலுள்ள ஒரு ஜம்பரின் நிலையைப் பார்க்கிறது. ஒரு நிலையில், கணினியிலிருந்து யுஏஆர்டி வழியாக நிரல் வருவதற்குக் காத்திருக்கும். நிரல் எக்ஸ்மோடம் என்ற பழைய கோப்புப் பரிமாற்ற முறையில் வந்து நேராக எஸ்ரேமில் அமரும். மற்றொரு நிலையில், பிளாஷ் சில்லில் உள்ள நிரலை எஸ்ரேமுக்கு நகலெடுக்கும். இரண்டிலும் கடைசியில் செயலி எஸ்ரேமின் தொடக்க முகவரிக்குத் தாவுகிறது. பயனரின் நிரல் இயங்கத் தொடங்குகிறது.

புதிதாகக் கற்போர் தடுமாறும் இடம் இது. யுஏஆர்டி முறையில் ஏற்றிய நிரல் ஒழுங்காக இயங்கும், விளக்கு மின்னும். மின்சாரத்தைத் துண்டித்து மீண்டும் கொடுத்தால் எதுவும் நடக்காது. பலகை பழுதாகவில்லை. நிரல் எஸ்ரேமில் மட்டுமே இருந்தது. மின்சாரம் போனதும் அழிந்துவிட்டது. நிலைக்க வேண்டுமானால் அதைப் பிளாஷில் எழுதி, ஜம்பரையும் பிளாஷ் நிலைக்கு மாற்ற வேண்டும்.

நகலெடுப்பதால் கிடைக்கும் பெரும் பயன் வேகம். 256 கிலோபைட் என்பது ஏறத்தாழ 21 லட்சம் பிட்டுகள். 10 மெகாஹெர்ட்ஸ் துடிப்பில் படித்தாலும் நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரத்தில் முடிந்துவிடும். அதன்பின் வெளிச்சில்லின் மெதுவான வேகம் நிரலைப் பாதிப்பதில்லை. பதிலுக்கு இழப்பது இடம். பிளாஷ் 2 மெகாபைட் இருந்தாலும், இயங்கும் நிரலும் அதன் தரவும் சேர்ந்து 256 கிலோபைட்டுக்குள் அடங்க வேண்டும்.

இந்திய அரசு 2022 ஏப்ரலில் அறிவித்த டிஜிட்டல் இந்தியா ரிஸ்க்-வி திட்டத்தில் வேகாவுடன் சென்னை ஐஐடியின் சக்தி செயலியும் இடம்பெற்றது. சக்தி வரிசையில் ஒரு சில்லு 2018இல் மொகாலியில் உள்ள செமிகண்டக்டர் லேபரட்டரியில் 180 நானோமீட்டர் முறையில் தயாரானது. சக்தியை அடிப்படையாகக் கொண்டு இஸ்ரோவுடன் இணைந்து உருவாக்கி 2025 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட ஐரிஸ் கட்டுப்படுத்தியில் ஒன்றுக்கு மேற்பட்ட தொடக்க முறைகள் அமைக்கப்பட்டுள்ளன. விண்கலத்தில் பழுதான நினைவகச் சில்லைக் கழற்றி மாற்ற ஆள் இல்லை. நிரலை வேறு வழியில் ஏற்றும் வசதி அங்கு இன்றியமையாதது.

மூன்றாம் முறை: இருந்த இடத்திலிருந்தே இயக்குதல்

2021 ஜனவரியில் வெளிவந்த ராஸ்பெர்ரி பை பைக்கோவின் ஆர்பி2040 சில்லிலும் உள் பிளாஷ் கிடையாது. 264 கிலோபைட் எஸ்ரேம் உண்டு. ஆனால் இது முழு நிரலையும் நகலெடுப்பதில்லை. உள்ளிருக்கும் தொடக்க நிரல், பிளாஷின் முதல் 256 பைட்டுகளை மட்டும் எஸ்ரேமுக்குக் கொண்டுவருகிறது. அவை பிழையின்றி உள்ளனவா என்று சரிபார்த்து இயக்குகிறது. அந்தச் சிறு பகுதி, பொருத்தப்பட்டுள்ள பிளாஷ் சில்லுக்கு ஏற்ற வேகமான படிப்பு முறையை அமைக்கிறது.

அதன் பின்னர் பிளாஷ் முழுவதும் செயலிக்குச் சாதாரண நினைவகம் போலத் தோன்றுகிறது. செயலி ஒரு முகவரியைக் கேட்டால், இடையிலுள்ள வன்பொருள் அதை எஸ்பிஐ ஆணையாக மாற்றி அனுப்பிப் பதிலைப் பெறுகிறது. படித்த பகுதி 16 கிலோபைட் இடைமாற்று நினைவகத்தில் தங்கும். நிரல்களில் பெரும்பாலான நேரம் ஒரே வளையம் திரும்பத் திரும்ப இயங்குவதால், இரண்டாம் முறையிலிருந்து அக்கட்டளைகள் உள்ளிருந்தே கிடைத்துவிடும்.

நாற்கம்பிப் படிப்பும் இங்கு உதவுகிறது. எழுதுதடை, நிறுத்திவைப்பு ஆகியவற்றுக்கான கால்களும் தரவுக் கம்பிகளாக மாறி, ஒரு துடிப்பில் 4 பிட்டுகள் வருகின்றன. முன்பு 64 துடிப்புகள் எடுத்த 4 பைட் படிப்பு, ஆணையை ஒவ்வொரு முறையும் அனுப்பாத தொடர்ச்சி முறையில் 20 துடிப்புகளில் முடிகிறது.

ஈஎஸ்பி32 சில்லும் இவ்வாறே இயங்குகிறது. இதில் கவனிக்கவேண்டிய சிக்கல் ஒன்று உண்டு. பிளாஷில் எழுதும்போதோ அழிக்கும்போதோ அச்சில்லிலிருந்து நிரலைப் படிக்க முடியாது. அந்த நேரத்தில் இயங்கவேண்டிய குறுக்கீட்டு நிரல் பிளாஷில் இருந்தால் செயலி தடுமாறி ரீசெட் ஆகலாம். இதனால் அத்தகைய பகுதிகளை முன்கூட்டியே ரேமில் வைக்குமாறு நிரலில் குறிப்பிடுகிறார்கள்.

பழுதுநீக்கமும் பாதுகாப்பும்

நிரல் தனிச்சில்லில் இருப்பது பழுது பார்ப்பவர்க்கு வசதி. தொலைக்காட்சி திரையில் நிறுவனத்தின் பெயரோடு நின்றுவிட்டால், பிளாஷில் உள்ள நிரல் சிதைந்திருக்கும் வாய்ப்பு உண்டு. பழுதுநீக்குவோர் 25 வரிசைச் சில்லைக் கழற்றியோ, கிளிப் மாட்டியோ, சிறிய யுஎஸ்பி எழுதுகருவி மூலம் அதே பலகைக்குரிய நிரலை மீண்டும் எழுதுகிறார்கள். அதற்குமுன் பழைய நிரலைப் படித்துச் சேமித்துக்கொள்வதும், சில்லு 3.3 வோல்ட்டா 1.8 வோல்ட்டா என்று பார்ப்பதும் அவசியம். பிளாஷில் 1 என்ற பிட்டை 0 ஆக எழுதலாம். 0ஐ 1 ஆக்க அந்தப் பகுதி முழுவதையும் அழிக்க வேண்டும். இவ்வகைச் சில்லுகளில் அழிக்கக்கூடிய மிகச் சிறிய பகுதி பொதுவாக 4 கிலோபைட்.

பழுதுநீக்குவோர் படிக்க முடிந்ததை மற்றவரும் படிக்க முடியும். வெளிச்சில்லில் உள்ள நிரலை நகலெடுத்துப் போலிக் கருவி செய்யலாம். மாற்றி எழுதவும் செய்யலாம். இதைத் தடுக்க ஈஎஸ்பி32இல் நிரலை மறையாக்கம் செய்து பிளாஷில் வைக்கும் வசதி உள்ளது. திறவுகோல் சில்லுக்குள் இருக்கும், வெளியே படிக்க முடியாது. ஆர்பி2040இல் இவ்வசதி இல்லை. 2024இல் வந்த ஆர்பி2350இல் கையொப்பமிட்ட நிரலை மட்டுமே ஏற்கும்படி அமைக்கலாம். வெளியிலிருந்து மாற்றவே கூடாத நிரலுக்கு வெளிச்சில்லையே தவிர்ப்பதும் உண்டு. மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் நிரல், ஒருமுறை மட்டுமே எழுதக்கூடிய சில்லில் பதியப்படுவதாக இந்தியத் தேர்தல் ஆணையம் கூறுகிறது.

ஒப்பீடு

நேரடியாகப் படித்தல்: செயலியும் நினைவகமும் ஒரே வேகத்தில் நடக்கவேண்டும். கம்பிகள் அதிகம். எந்த நேரத்தில் எந்தப் பைட் வரும் என்பதைத் துல்லியமாகக் கணக்கிடலாம்.

ரேமுக்கு நகலெடுத்தல்: தொடங்கச் சிறிது தாமதம், பிறகு முழு வேகம். நிரலின் அளவை ரேம் கட்டுப்படுத்தும்.

இருந்த இடத்திலிருந்தே இயக்குதல்: சிறிய ரேமைக் கொண்டு பெரிய நிரலை இயக்கலாம். இடைமாற்று நினைவகத்தில் இல்லாத கட்டளைக்குக் காத்திருக்க நேர்வதால், ஒரே நிரற்பகுதி ஒவ்வொரு முறையும் ஒரே நேரத்தில் முடியும் என்று உறுதி கூற இயலாது. துல்லியமான நேரம் தேவைப்படும் பகுதியை ரேமில் வைப்பது வழக்கம்.

இந்த வேறுபாடு தெரிந்தால், மின்சாரம் போனதும் மறையும் நிரல், படிகத்தை மாற்றியதும் தடம்புரளும் நிரல், பிளாஷில் எழுதும்போது மட்டும் ரீசெட் ஆகும் நிரல் ஆகிய மூன்றும் வெவ்வேறு காரணங்களால் நிகழ்பவை என்று பிரித்தறியலாம். மூன்றிலும் முதலில் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே: செயலி இந்தக் கணத்தில் அடுத்த கட்டளையை எங்கிருந்து எடுக்கிறது?